ஓடும்போது கால்விரல் மரத்துப்போனது: தீர்வு லேஸில் இருந்தது

ஓடப் பழகத் தொடங்கியதிலிருந்து ஒரு தொல்லை. கால் மணி நேரம் தாண்டியதும் வலது காலின் நடுவிரல்கள் மரத்துவிடும். நின்று ஷூவைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். நடக்கும்போது ஒன்றுமே இல்லை.

ஷூ சிறியதோ என்று அரை அளவு பெரிதாக வாங்கினேன். குதிகால் வழுக்கியதுதான் மிச்சம். மெல்லிய சாக்ஸ், கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சிங், எதுவும் பலிக்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: விரல்களின் மேல்பக்கம் மட்டும்தான் மரத்தது, அடிப்பக்கத்தில் உணர்வு அப்படியே இருந்தது. சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், பாதத்தின் மேலே லேஸ் குறுக்காகப் போகும் இடத்தில் சிவந்த தடம். அங்கே அழுத்தியதும் அதே விரல்களில் சுருக்கென்றது. விரல்களின் மேல்பக்கத்துக்குப் போகும் நரம்புகள் அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. ஓட ஓடப் பாதம் லேசாக வீங்கும், கட்டிய லேஸ் இளகாது.

தடத்துக்கு நேரே உள்ள துளைகளில் மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே மேல் துளைக்கு நேராக ஏற்றினேன். மற்ற துளைகளில் வழக்கம்போலத்தான். பழைய ஷூவிலேயே மரப்பு நின்றது, பெரிய நிம்மதி.

ஷூ போடாதபோதும் மரத்தால் இது போதாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.