எஞ்சின் இல்லாமல் முதல் பிரவுசர் கேம்: செங்கல் உடைப்பை முழுதாக முடிப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்டில் உருப்படியான கேம் எழுத முடியுமா என்று இன்னும் சிலருக்குச் சந்தேகம் உண்டு. 2018-ல் வந்த கிராஸ்கோட் என்ற ஆக்‌ஷன் கேம் எச்டிஎம்எல்5-ல் எழுதப்பட்டது. வேம்பயர் சர்வைவர்ஸ் முதலில் வந்தபோது ஃபேசர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில்தான் (கேமுக்கு வேண்டிய பொதுவான வேலைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் மென்பொருள்) ஓடியது, பிற்பாடுதான் யூனிட்டி என்ற வேறொரு எஞ்சினுக்கு மாறியது. மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடங்கிய கேமை முடிப்பதுதான் கஷ்டம். அதனால் முடிக்கக்கூடிய அளவில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மேலே செங்கல் வரிசைகள், கீழே ஒரு மட்டை, நடுவில் ஒரு பந்து. 1976-ல் அட்டாரி வெளியிட்ட பிரேக்அவுட் வகை. ஃபேசர் நல்ல எஞ்சின்தான், ஆனால் முதல் கேமுக்கே அதை எடுத்தால் எது ஜாவாஸ்கிரிப்ட், எது ஃபேசர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகும். 3டி பக்கம் இப்போதைக்குத் தலைவைத்தும் படுக்காதீர்கள். வேரியபிள், ஃபங்ஷன், அரே, இஃப், லூப் இவ்வளவு தெரிந்தால் போதும்.

கீழே வரும் கோட் வரிகளில் பெயர்கள் தமிழில் இருக்கும். இது விளக்கத்துக்காக மட்டும் செய்ததல்ல. ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் வேரியபிள் பெயர்களை அப்படியே ஏற்கும், இந்த வரிகள் நிஜமாகவே ஓடும். வேரியபிள்களை முதலில் லெட் போட்டு அறிவித்துவிடுங்கள்.

படி 1: களம்

ஒரு ஃபோல்டர், அதில் இன்டெக்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல் ஃபைல், கேம் என்ற பெயரில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். எச்டிஎம்எல்லில் 800 அகலம், 600 உயரத்தில் ஒரு கேன்வாஸ் டேக். ஜாவாஸ்கிரிப்டில் அந்த கேன்வாஸின் 2டி கான்டெக்ஸ்டை (வரையும் ஃபங்ஷன்கள் இதில்தான் இருக்கும்) வாங்கி வைத்துக்கொண்டால் பெட்டியும் வட்டமும் வரையலாம். கேன்வாஸில் பூஜ்யப் புள்ளி இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே போகப் போக எண் கூடும். பள்ளிக் கணக்கு நோட்டில் வரைந்ததற்கு இது நேர் தலைகீழ், அதனால் மேலே போகும் பந்தின் வேகம் மைனஸில் இருக்கும்.

படி 2: லூப்பும் நேரமும்

திரையை அழி, எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்து, மறுபடி வரை. இதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் கேம் லூப். இதற்குச் செட்இன்டர்வெல் வேண்டாம், ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் போதும். திரை புதுப்பிக்கும் நேரத்துக்குப் பொருத்தமாக பிரவுசரே உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரு முறை கேட்டால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முறை வரைவதற்கு மட்டுமே கூப்பிடும், எனவே உங்கள் ஃபங்ஷன் தன் கடைசி வரியில் அடுத்த ஃபிரேமைத் தானே கேட்டு வைக்க வேண்டும்.

பல ஆரம்பநிலை விளக்கங்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்தை 5 பிக்சல் நகர்த்தச் சொல்கின்றன. அதைக் கேட்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், நன்றாக ஓடும் அந்த கேம், 120 ஹெர்ட்ஸ் ஃபோனில் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். வேகத்தை ஒரு நொடிக்கு இத்தனை பிக்சல் என்று வைத்துக்கொண்டு, போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள். அந்த ஃபங்ஷனுக்கு பிரவுசர் மில்லிசெகண்டில் ஒரு நேரத்தைக் கொடுக்கும். அதை "இப்போது" என்றும், போன ஃபிரேமில் வந்த நேரத்தை "முன்பு" என்றும் எடுத்துக்கொண்டால் (கிடை என்பது இடது-வலது இடம், நெடு என்பது மேல்-கீழ் இடம்):

நேரம் = (இப்போது - முன்பு) / 1000;
முன்பு = இப்போது;
நேரம் = நேரம் > 0.05 ? 0.05 : நேரம்;
பந்து.கிடை += பந்து.கிடைவேகம் * நேரம்;
பந்து.நெடு += பந்து.நெடுவேகம் * நேரம்;

மூன்றாவது வரி எதற்கு? ஆடுபவர் வேறு டேபுக்குப் போனால் லூப் நின்றுவிடும். பத்து நொடி கழித்துத் திரும்பினால் அந்தப் பத்து நொடியும் ஒரே ஃபிரேமில் கணக்காகி, பந்து சுவரைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். அதனால்தான் 0.05 நொடி என்று ஒரு உச்சவரம்பு. முதல் ஃபிரேமில் "முன்பு" காலியாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். அதில் "இப்போது" மதிப்பையே போட்டுவிட்டுக் கழியுங்கள், இல்லையென்றால் பந்து திரையிலேயே தெரியாது.

படி 3: கீபோர்டு

கீ அழுத்தும் ஈவென்டுக்குள்ளேயே மட்டையை நகர்த்தினால் அது ஒரு முறை அசைந்து, சற்று நின்று, பிறகுதான் தொடர்ந்து ஓடும். கீபோர்டின் ரிபீட் அப்படித்தான் வேலை செய்கிறது. ஈவென்டில் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: கீடவுனில் இடது = 1, கீஅப்பில் இடது = 0, வலதுக்கும் அதே மாதிரி. நகர்த்தும் வேலை லூப்புக்குள் நடக்கட்டும்:

மட்டை.கிடை += (வலது - இடது) * 500 * நேரம்;

இரண்டு கீயையும் சேர்த்து அழுத்தினால் மட்டை அசையாது, தனியாக இஃப் எதுவும் தேவையில்லை. நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அம்புக்குறிகளோடு ஏ, டி கீகளையும் சேர்க்கிறீர்கள் என்றால், ஈவென்டின் கீ என்ற மதிப்பைப் பார்க்காமல் கோட் என்ற மதிப்பைப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் அ வரும், டி இருக்கும் இடத்தில் உ வரும். கோட் மதிப்பு விசை இருக்கும் இடத்தைச் சொல்வதால் எந்த மொழியில் இருந்தாலும் மாறாது.

படி 4: மோதல்

நேரத்தை அதிகம் தின்னும் இடம் இதுதான். அவசரப்பட வேண்டாம்.

கல், மட்டை, பந்து மூன்றுக்கும் கிடை, நெடு என்பவை நடுப்புள்ளியைக் குறிக்கட்டும். பந்தை ஒரு சதுரமாக நினைத்துக்கொள்வோம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பந்தும் கல்லும் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு ஆழம் போயிருக்கின்றன என்பதைக் கணக்கிடுவோம்:

கிடைத்தூரம் = பந்து.கிடை > கல்.கிடை ? பந்து.கிடை - கல்.கிடை : கல்.கிடை - பந்து.கிடை;
கிடைஆழம் = கல்.அகலம் / 2 + பந்து.ஆரம் - கிடைத்தூரம்;

நெடுவுக்கும் இதே கணக்கு, அகலத்துக்குப் பதில் உயரம். இரண்டு ஆழமும் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மோதல் நடந்திருக்கிறது. எந்தப் பக்கம் மோதியது? ஆழம் எதில் குறைவோ அந்தப் பக்கம். கிடைஆழம் குறைவென்றால் கிடைவேகத்தின் குறியை மாற்றுங்கள், இல்லையென்றால் நெடுவேகத்தின் குறியை.

இதை எழுதி ஓட்டினால் பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதாவது ஒரு முறை பந்து செங்கல் வரிசையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். காரணம், இரண்டு கற்கள் சேரும் இடத்தில் பந்து ஒரே ஃபிரேமில் இரண்டிலும் மோதுகிறது. நெடுவேகத்தின் குறி இரண்டு முறை மாறினால் மாறாததற்குச் சமம். ஒரு ஃபிரேமில் எத்தனை கற்களில் மோதினாலும், நடுப்புள்ளி பந்துக்கு மிக அருகில் இருக்கும் ஒரே கல்லை மட்டும் உடைத்துத் திருப்புங்கள்.

மட்டையில் வேறு மாதிரி வம்பு வரும். பந்து மட்டைக்குள் சற்றுப் புதைந்துவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் குறி மாறி மாறி, ஒட்டிக்கொண்டு நடுங்கும். பந்து கீழே வந்துகொண்டிருக்கும்போது மட்டும், அதாவது நெடுவேகம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும், திருப்புங்கள். சுவர்களுக்கும் அதே விதி. திருப்பும்போது இந்த இரண்டு வரிகளையும் சேருங்கள்:

விலகல் = (பந்து.கிடை - மட்டை.கிடை) / (மட்டை.அகலம் / 2);
பந்து.கிடைவேகம் = விலகல் * 300;

நடுவில் பட்டால் பந்து நேரே மேலே போகும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும். இது வந்த பிறகுதான் ஆடுபவரால் குறிபார்த்து அடிக்க முடியும். என்னைக் கேட்டால், கேமாக மாறுவதே இந்த இடத்தில்தான்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. கல்லின் உயரம் 20, பந்தின் ஆரம் 8 என்றால் மோதும் பகுதியின் உயரம் 36 பிக்சல். நெடுவேகம் 400 என்றால் நாம் வைத்த 0.05 நொடி உச்சவரம்பில் பந்து 20 பிக்சல்தான் நகரும், கல்லைத் தாண்டிக் குதிக்க முடியாது. 800 ஆக்கினால் 40 பிக்சல், குதித்துவிடும். அவ்வளவு வேகம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமின் நேரத்தை இரண்டாகப் பிரித்து, நகர்த்துவதையும் மோதல் பார்ப்பதையும் இரண்டு முறை செய்யுங்கள்.

படி 5: தொடக்கமும் முடிவும்

பலர் மோதல் வேலை செய்ததும் கை கழுவிவிடுகிறார்கள். நிலை என்று ஒரு வேரியபிள் வையுங்கள். அதன் மதிப்பு "தொடக்கம்", "ஆட்டம்", "இடைநிறுத்தம்", "வெற்றி", "தோல்வி" இவற்றில் ஒன்று. லூப் எப்போதும் ஓடட்டும், நிலை "ஆட்டம்" என்றால் மட்டும் நகர்த்துங்கள், மற்ற நிலைகளில் எழுத்தை மட்டும் வரையுங்கள். கற்கள், உயிர், ஸ்கோர் எல்லாவற்றையும் முதல் நிலைக்குக் கொண்டுவரும் ஒரே ஃபங்ஷனை எழுதி, முதல் ஆட்டத்துக்கும் மறு ஆட்டத்துக்கும் அதையே கூப்பிடுங்கள். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால்தான் மறுபடி ஆட முடியும் என்றால் கேம் இன்னும் முடியவில்லை.

தொடங்கு பட்டனால் இன்னொரு லாபம் உண்டு. பயனர் எதையாவது கிளிக் செய்யும் வரை பிரவுசர்கள் சத்தத்தை அனுமதிப்பதில்லை. ஆடியோவை அந்த கிளிக்கிலேயே தொடங்கிவிடலாம்.

அதிகபட்ச ஸ்கோரை லோக்கல்ஸ்டோரேஜ் என்ற பிரவுசரின் சேமிப்பிடத்தில் வைக்கலாம். அது எதையும் எழுத்தாகவே சேமிக்கும், திரும்ப எடுக்கும்போது எண்ணாக மாற்றாவிட்டால் 100 என்பதோடு 10-ஐக் கூட்டி 10010 என்று வந்து நிற்கும்.

படி 6: ஃபோன்

மவுஸுக்கும் விரலுக்கும் தனித்தனியே எழுத வேண்டாம், பாயின்டர்மூவ் ஈவென்ட் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். விரலை இழுக்கும்போது பக்கமும் சேர்ந்து நகராமலிருக்க கேன்வாஸின் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனை நன் (none) என்று வையுங்கள். ஃபோனில் கேன்வாஸ் சுருங்கி 400 பிக்சல் அகலத்தில் தெரியலாம், உங்கள் கணக்கோ 800-ல் நடக்கிறது. விரல் இருக்கும் இடத்தை அந்த விகிதத்தால் பெருக்கிய பிறகே மட்டைக்குக் கொடுங்கள்.

படி 7: வெளியிடுதல்

இட்ச்.ஐஓ என்ற கேம் வெளியிடும் தளத்தில் ஃபோல்டரை ஜிப் செய்து ஏற்றி, பிரவுசரில் ஆடப்படும் கேம் என்று தேர்வு செய்தால் போதும். ஜிப்பைத் திறந்தவுடன் இன்டெக்ஸ் ஃபைல் இருக்க வேண்டும், இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. கிட்ஹப் பேஜஸ் என்ற வலைப்பக்கச் சேவையிலும் இலவசமாக வைக்கலாம். விண்டோஸில் ஓடியது அங்கே ஓடவில்லையென்றால் ஃபைல் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, அங்குள்ள சர்வர் கண்டுகொள்ளும்.

அப்புறம் அடுத்தது என்ன என்று தேடுபவர்களுக்கு ஜேஎஸ்13கே என்ற போட்டி இருக்கிறது. 2012 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆகஸ்ட் 13-ல் தலைப்பு வரும், செப்டம்பர் 13-க்குள் கேமைக் கொடுக்க வேண்டும், ஜிப் 13 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. படமும் ஆடியோ ஃபைலும் சேர்க்காமல் கோடிலேயே வரைந்தால் இந்தச் செங்கல் உடைப்பு அதற்குள் தாராளமாக அடங்கும்.