ஸ்கார்லாட்டியின் கே. 141: இடது கையில் தொடங்குங்கள்

டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா கே. 141-ஐ ('கே.' என்பது கிர்க்பாட்ரிக் பட்டியல் எண்) பியானோவில் வாசிக்க எடுப்பவர்கள், ஒரே சுரம் வேகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வலது கைக்குத்தான் நேராகப் போகிறார்கள். நானும் போனேன். மூன்று மாதத்தில் வேகம் வந்தது, முன்கை இறுகிவிட்டது, இசை மட்டும் வரவில்லை.

அதனால் இடது கையில் தொடங்குங்கள். அங்கே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், சுத்தமாக இருக்காது. சேராத சுரம் ஒன்றிரண்டு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும். அச்சுப்பிழை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். நேப்பிள்ஸில் பிறந்த ஸ்கார்லாட்டி, 1729 முதல் 1757-ல் இறக்கும்வரை ஸ்பெயினில் மரியா பார்பராவிடம் (போர்ச்சுகல் இளவரசி, பின்னாளில் ஸ்பெயின் அரசி) பணியாற்றியவர். அந்த நாட்டுக் கருவியான கிதாரின் தந்திகளை ஒரே வீச்சில் வழித்தால் கார்டில் சேராத திறந்த தந்தியும் கூடவே ஒலிக்கும். எனக்கு இதில் கேட்பது அந்த உரசல்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த லோங்கோ பதிப்பு, ஸ்கார்லாட்டியின் இத்தகைய உரசல்களைப் பல இடங்களில் 'திருத்தி'விட்டது. மூலத்தை ஒட்டிய பதிப்பையே வாங்குங்கள்.

ஒவ்வொரு கார்டையும் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக மெல்ல விரித்து வாசியுங்கள். உரசும் சுரம் எது என்று காது கண்டுபிடித்த பிறகே சேர்த்து அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். ஸ்கார்லாட்டி காலத்து விசைக்கருவியான ஹார்ப்சிகார்டில் விரலின் பலம் ஒலியைக் கூட்டாது. சுரங்களின் எண்ணிக்கைதான் கூட்டும். அந்தக் கனத்தை ஸ்கார்லாட்டியே எழுதி வைத்திருக்கிறார். பெடலைத் தொடாதீர்கள், உரசல் குழம்பிவிடும்.

இப்போது வலது கை. தாளம் 3/8, ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு முறை ஒரே கட்டை. விரல் 3-2-1, 3-2-1 (3 நடுவிரல், 2 ஆள்காட்டி விரல், 1 கட்டைவிரல்). ஒவ்வொரு விரலும் கட்டையை உள்ளங்கைப் பக்கமாக வழித்துக்கொண்டு நகர வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நடுவிரல் வரும்போதெல்லாம் அழுத்தம் விழுந்தால் ஆறு சுரங்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து, 3/8 தொலைந்துபோகும். அழுத்தம் இரண்டு சுரத்துக்கு ஒருமுறை விழ வேண்டும்: முதலில் 3, அடுத்து 1, பிறகு 2. வாயால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டு, ஓர் எண்ணுக்கு ஒரு தட்டு என்று வைத்து, இதை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள்.

தந்திகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தால்தான் மறுபடி ஒலிக்கும். தந்திகள் கிடையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் பாதி எழுந்தாலே போதும். 1821-ல் பிரெஞ்சு பியானோ நிறுவனமான எரார் கொண்டுவந்த பொறி அந்த வசதியைத் தருகிறது. அப்ரைட்டில் ஒலி விட்டுவிட்டு வந்தால் வேகத்தைக் குறையுங்கள், விரலை நோகாதீர்கள்.

இரு கையும் சேர்ந்ததும் இரண்டு பாதிகளையும் குறித்தபடியே திரும்ப வாசியுங்கள். திரும்ப வரும்போது வலது கையைச் சற்று அடக்கிப் பாருங்கள். அடியில் கிதார் கேட்கும்.