ப்ராஷோம்: 'தயவுசெய்து' இல்லை, 'இந்தாங்க'

லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸுக்கு வந்த முதல் வாரம். ஹாலேஸ் சந்தையில் 'வர்ஷ்கே' வாங்க நின்றிருந்தேன் (நம்ம பன்னீருக்குத் தங்கச்சி மாதிரி, உதிரியாக இருக்கும்). என் முறை வந்ததும் கடைக்காரம்மா என்னைப் பார்த்து "ப்ராஷோம்!" என்றார். நான் படித்த அகராதியில் அதற்கு 'தயவுசெய்து' என்றுதான் போட்டிருந்தது. ஒதுங்கச் சொல்கிறார் போல என்று விலகிக்கொண்டேன். பின்னால் நின்றவர் வாங்கிப் போய்விட்டார். அந்தம்மா சொன்னது, "சொல்லுங்க, என்ன வேணும்?"

அதனால் முதல் வேலையாக 'தயவுசெய்து'வை மறந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் நாம் "தயவுசெய்து உட்காருங்கள்" என்றா சொல்கிறோம்? "உட்காருங்க" என்கிறோம். அந்த 'ங்க' செய்கிற வேலையைத்தான் லிதுவேனியர்கள் ப்ராஷோமுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாமானை நீட்டும்போது சொன்னால் 'இந்தாங்க'. கதவைத் திறந்துவிட்டுச் சொன்னால் 'வாங்க'. நன்றிக்குப் பதிலாகச் சொன்னால் 'பரவாயில்லீங்க'. கை என்ன செய்கிறது என்று பாருங்கள், அர்த்தம் புரிந்துவிடும்.

'ப்ரஷீதி' என்றால் கேட்டுக்கொள்வது. அதிலிருந்து ப்ரஷௌ, 'கேட்டுக்கொள்கிறேன்', ப்ராஷோமே, 'கேட்டுக்கொள்கிறோம்'. பேச்சில் கடைசி 'ஏ' தேய்ந்து ப்ராஷோம் ஆகிவிட்டது. அறிவிப்புப் பலகைகளில் முழு வடிவத்தையும் பார்க்கலாம். ப்ராஷோமில் அழுத்தம் முதல் அசைக்கு, ப்ரஷௌவில் கடைசி அசைக்கு.

இலக்கணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ப்ராஷோமுக்குப் பின் வினைச்சொல்லை அகராதியில் இருக்கிறபடியே வைத்தால் போதும். 'ப்ராஷோம் சேஸ்திஸ்', உட்காருங்க. 'ப்ராஷோம் பலௌக்தி', கொஞ்சம் காத்திருங்க. காலம், இடம், விகுதி என்று எந்தத் தொல்லையும் இல்லை. இந்த மொழியில் இப்படி ஒரு சலுகை கிடைப்பது அபூர்வம்!

நமக்கு ஏதாவது வேண்டுமென்றால் ப்ரஷௌ சொல்லிப் பழகுங்கள். பொருளின் பெயர் மட்டும் வேற்றுமை ஏற்கும்: காப்பி 'கவா', கேட்கும்போது 'கவோஸ்'. பால் 'பியேனஸ்', கேட்கும்போது 'பியேனோ'. காதில் சரியாக விழவில்லையா, கேள்வி கேட்கிற தொனியில் "ப்ரஷௌ?" என்றாலே 'என்னங்க?' ஆகிவிடும். டிராலிபஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் 'அத்ஸிப்ரஷௌ', மன்னிச்சுக்கோங்க. அதுவும் இதே வேர்தான்.

பழக நல்ல இடம் காப்பிக் கடை.
"கவோஸ், ப்ரஷௌ."
கோப்பையை நீட்டி, "ப்ராஷோம்."
"ஆச்சூ." (தும்மல் இல்லை, நன்றி!)
"ப்ராஷோம்."
முதல் ப்ராஷோம் இந்தாங்க, இரண்டாவது பரவாயில்லீங்க.