கோளின் தொலைவில் விண்மீனின் ஈர்ப்பு முடுக்கம்: கணக்கிடும் முறை

சூரியன் பூமியை எவ்வளவு முடுக்கத்தோடு இழுக்கிறது? இதற்குச் சூரியனின் நிறையும் இடைத்தொலைவும் போதும். பூமியின் நிறை வேண்டாம். அதையும் சேர்த்துப் பெருக்கினால் வருவது விசை.

முடுக்கம் = ஈர்ப்பு மாறிலி × விண்மீனின் நிறை ÷ தொலைவு²

மாறிலியையும் நிறையையும் தனித்தனியாகப் போடாமல், இரண்டின் பெருக்கற்பலனை நேரே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு அது 1.32712 × 10²⁰ மீ³/வி². கோள்களின் ஓட்டத்திலிருந்தே கிடைப்பதால் மிகத் துல்லியமானது. ஆய்வகத்தில் அளந்த மாறிலியை நாலைந்து இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது.

பூமியின் தொலைவு 1.496 × 10¹¹ மீட்டர், வர்க்கம் 2.238 × 10²². வகுத்தால் 0.00593 மீ/வி². ஒரு நொடியில் பூமி 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்குள் நேர்கோட்டிலிருந்து சூரியன் பக்கம் சரிவது வெறும் 3 மில்லிமீட்டர்!

விடை 5,930 என்று வந்தால் தொலைவைக் கிலோமீட்டரிலேயே விட்டிருக்கிறீர்கள். 0.0000593 என்று வந்தால் கால்குலேட்டரில்தான் கோளாறு: 1.496 போட்டு, பெருக்கல், 10, பிறகு எக்ஸ்ப் (EXP, பத்தின் அடுக்கைப் போடும்) பொத்தான், 11 என்று அழுத்தினால் அது 10¹² ஆகிவிடும். 1.496, எக்ஸ்ப், 11 மட்டும் போதும். தொலைவை விண்மீனின் மையத்திலிருந்து எடுக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து எடுத்தால் பூமிக்கு ஒரு சதவீதம்தான் பிசகும், ஒட்டிச் சுற்றும் கோளுக்கு நிறையவே பிசகும்.

வேறு விண்மீனென்றால் பெரிய எண்களைத் தொடவே வேண்டாம். நிறையைச் சூரிய நிறையிலும் தொலைவை வானியல் அலகிலும் (பூமி-சூரியன் தொலைவு = 1) வைத்து, 0.00593 × நிறை ÷ தொலைவு² என்று போடுங்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் நிறை 0.122, அதன் கோள் 'பி' இருப்பது 0.0485 அலகில். விடை 0.31 மீ/வி², பூமி உணர்வதைப்போல் 52 மடங்கு. விண்மீன் சிறிசுதான், ஆனால் கோள் அவ்வளவு கிட்டே.

சரிபார்க்க, வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் வகுக்கலாம். பூமியின் வேகம் நொடிக்கு 29,780 மீட்டர்; 29,780² ÷ (1.496 × 10¹¹), அதே 0.00593. வட்டத்துக்கு நெருங்கிய பாதைக்கே இது செல்லும். நீள்வட்டத்தில் ஓடும் புதனுக்கு முடுக்கமே சூரியனை நெருங்கும்போது 0.063, விலகும்போது 0.027. நெருங்கிய புள்ளியில் வேகத்தை வைத்துப் பார்த்தால் 0.076 என்று காட்டும், அசல் விடையைவிட 20 சதவீதம் கூடுதல். அங்கே முதல் சூத்திரத்தையே நம்புங்கள்.