சேற்று பாக்டீரியாவுக்கு மின்முனை கொடுப்பது எப்படி?

குளத்துச் சேற்றில் மேல்படலத்துக்குக் கீழே ஆக்சிஜன் இருக்காது. அங்கே ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள், உணவிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்களை இரும்புத் தாதுக்களிடம் தள்ளிவிட்டு உயிர் வாழ்கின்றன. தாதுவுக்குப் பதில் மின்சாரம் கடத்தும் கிராஃபைட்டை மின்முனையாகக் கொடுத்தாலும் போதும். அதில் சேரும் எலக்ட்ரான்களைக் கம்பி வழியே ஓடவிட்டால் சிறு மின்னோட்டம் கிடைக்கும். 2003-இல் டேனியல் பாண்டும் டெரெக் லவ்லியும் மின்முனையையே எலக்ட்ரான் ஏற்பியாகக் கொடுத்து ஜியோபாக்டரை வளர்த்துக் காட்டினார்கள்.

இதை ஒரு டப்பாவில் செய்து பார்க்கத் தேவையானவை: 1 லிட்டர் வாயகன்ற டப்பா, 8 செ.மீ. வட்டமாக வெட்டிய கிராஃபைட் ஃபெல்ட் (கிராஃபைட் இழைத் துணி) இரண்டு, டைட்டானியம் கம்பி, 1000 ஓம் ரெசிஸ்டர், மல்டிமீட்டர், கையுறை.

1. ஃபெல்ட்டில் கம்பியை நாலைந்து இடத்தில் கோத்து இறுக்குங்கள். புது ஃபெல்ட் தண்ணீரை ஏற்காது. முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பிறகு தண்ணீருக்குள் வைத்துக் குமிழி நிற்கும்வரை பிழிந்து அலசுங்கள். உள்ளே தங்கும் காற்று, நாம் ஒதுக்க நினைக்கும் ஆக்சிஜனைக் கூடவே கொண்டுபோகும்.

2. அழுகிய முட்டை வாடையுள்ள கறுப்புச் சேறே நல்லது. கல், இலை நீக்கி, குளத்து நீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிட்டேட் சேர்க்கலாம். ஒரு அசிட்டேட் மூலக்கூறு முழுதாகச் செரித்தால் 8 எலக்ட்ரான் வரும். சர்க்கரை வேண்டாம். நொதித்து அமிலமாகும், எழும் வாயு ஃபெல்ட்டையே தூக்கிவிடும்.

3. 2 செ.மீ. சேறு, ஒரு ஃபெல்ட், மேலே 6 செ.மீ. சேறு, 2 செ.மீ. தண்ணீர். இரண்டாம் ஃபெல்ட் அடிப்பக்கம் நனைந்து, மேல்பக்கம் காற்றில் இருக்கட்டும்; கீழ் ஃபெல்ட்டிலிருந்து கம்பி வழியே வரும் எலக்ட்ரான்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் இங்கேதான் ஏற்கும். மூடியை இறுக்காதீர்கள்.

4. இரு கம்பிகளுக்கும் இடையே உடனே ரெசிஸ்டரை இணையுங்கள். இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். சுற்று திறந்திருந்தால் எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இல்லை. பாக்டீரியாவுக்கு அந்த ஃபெல்ட்டால் பயனும் இல்லை.

ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் தினமும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை கீழ்க் கம்பிக்கு. 100 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. பாக்டீரியா ஃபெல்ட்டில் படிந்து பெருக இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

முதல் நாளே எண் எகிறினால் சந்தேகப்படுங்கள். செம்புக் கம்பி சேற்றைத் தொட்டால் அந்த அரிப்பே மின்னோட்டம் தரும், கரையும் செம்பு பாக்டீரியாவையும் கொல்லும். நன்றாக ஏறிய அளவு திடீரென விழுந்தால் பெரும்பாலும் மேல் ஃபெல்ட் காய்ந்திருக்கும், அல்லது மூழ்கியிருக்கும். ஆவியான தண்ணீரை மட்டும் ஈடுகட்டுங்கள்.

எல்.இ.டி. எரிக்க அதே டப்பாவில் கூடுதல் ஃபெல்ட்டுகளைப் புதைத்துத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடாது. எல்லாம் ஒரே ஈரச் சேற்றின் வழியே தொடர்பில் இருக்கின்றன. தனித்தனி டப்பாக்கள்தான் வேண்டும்.