புண் தானாக ஆறினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை

"சிமென்ட் அலர்ஜி சார், ரெண்டு வாரமா களிம்பு தடவுறேன், போகவே மாட்டேங்குது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் ஒரு கொத்தனார். ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் நான் ஆலோசகராக இருந்தபோது நடந்தது. கை நிறையச் செம்புக்காசு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். அரிக்கிறதா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றார். வலி? அதுவும் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னால் உள்ளங்காலிலும் அதே புள்ளிகள். அப்புறம் டாக்டர் மெதுவாக, "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி கீழே ஏதாவது புண் வந்துச்சா?" என்று கேட்க, கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. வலிக்கவே இல்ல, தானா ஆறிடுச்சு" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்தது. பெரியவர்கள் மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் சொல்வார்களே, அது.

நான் பார்த்தவரையில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இந்த நோய்தான். கிருமி தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் (சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்) ஒரு புண் வரும், அழுத்தினால்கூட வலிக்காது, வைத்தியமே செய்யாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். வாயிலோ, ஆசனவாயிலோ, கர்ப்பப்பை வாயிலோ வந்தால் கண்ணிலேயே படாது. பிறகு வருகிற புள்ளிகளும் தானாகவே மறையும். கிருமி மட்டும் உள்ளே தங்கிவிடும், பல வருடம் கழித்து மூளை, இதயம், கண் என்று எங்கு வேண்டுமானாலும் கை வைக்கும். ஆரம்பத்திலேயே வந்தால் பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஒரே தவணையில் போட்டு முடித்துவிடலாம், கொத்தனாருக்கும் அன்றைக்கு அதுதான் போட்டார்கள். அதனால் பிறப்புறுப்பில் வலிக்காத புண் வந்தால் "வலிக்கலையே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள், வி.டி.ஆர்.எல். என்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இருக்கிறது, செய்துவிடுங்கள்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் சூட்டின் மேல் போடுவது. சிறுநீர் போகும்போது எரிந்தால் உடம்பு சூடு என்று இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் வருகிற நீர்க்கடுப்பு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு, சில நாளிலேயே, எரிச்சலோடு ஜட்டியில் மஞ்சளாகச் சீழ்க்கறை படிந்தால் அது சூடு இல்லை, பெரும்பாலும் வெட்டை நோய், அதாவது கொனோரியா. இதற்கு மருந்துக்கடையில் கூச்சத்தோடு ரெண்டு சிப்ரோ மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. அந்த மாத்திரைக்கு இப்போது இந்தக் கிருமி பெரும்பாலும் அடங்குவதே இல்லை. எரிச்சல் கொஞ்சம் குறையலாம், தொற்று இருக்கும், மனைவிக்கும் போகும்.

பெண்களுக்கு நடப்பது இன்னும் மோசம், ஏனென்றால் கொனோரியாவும், கிளமிடியா என்கிற இன்னொரு பால்வினைத் தொற்றும் பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. அப்படியே கருக்குழாய்வரை ஏறி, பிறகு குழந்தை தங்காத காரணமாக நிற்கும். இன்னொரு பக்கம், வெள்ளைப்படுதல் என்றாலே பெண்ணைச் சந்தேகப்படுகிற வீடுகள். ரெண்டு மாதவிடாய்க்கு நடுவில் வாடையில்லாமல் தெளிவாகப் படுவது இயல்பு. தயிர்க்கட்டி மாதிரி, அரிப்போடு வருவது பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை நோயாலும் வரும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் வரும், அதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மீன் வாடை, பச்சை கலந்த மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு பயந்துபோய் மறுநாளே டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்றதும் மறந்துவிடுவதும் தவறுதான். ஹெச்.ஐ.வி. அவ்வளவு சீக்கிரம் பரிசோதனையில் தெரியாது, நம்பிக்கை மையத்தில் (அரசின் ஹெச்.ஐ.வி. பரிசோதனை மையம்) பார்த்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த மறுநாளில் செய்ய வேண்டியது வேறு: 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

அப்புறம், தான் மட்டும் மருந்து சாப்பிட்டுவிட்டுத் துணையிடம் மறைப்பது. தொற்று அங்கிருந்து திரும்ப வரும், "மருந்து வேலை செய்யலை சார்" என்று மறுபடி வந்து நிற்பார்கள். ரெண்டு பேரும் ஒன்றாக மருந்து எடுத்து, டாக்டர் சொல்லும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள்.

ஒன்றுமே இல்லாமல் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணுறுப்பின் முனையைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன முத்து மாதிரி மேடுகள் இயல்பான அமைப்பு, நோய் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் நோய் இல்லை. இதற்காக லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்து அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

எங்கே போவது என்றால், பெரிய அரசு மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும், பல இடங்களில் சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும். மருந்து இலவசம். சீட்டுப் போடுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் விவரம் சொல்ல வேண்டாம், "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.