வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பது எப்படி?

எங்கள் ஆச்சியைச் சர்க்கரை பார்க்கக் கூப்பிட்டபோது வந்த முதல் பதில்: “ஏல, எனக்கு என்ன சீக்கு? கல்லு கணக்கா இருக்கேன்.” அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால்தான் சர்க்கரையாம். அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம்.

எறும்புக் கணக்கில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். வயதானவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே போகலாம். சர்க்கரை நோயோ அதற்கு வெகு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும், தாகமும் இருக்காது, இளைப்பும் இருக்காது. அதனால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்கிற ஆளைத்தான் கூட்டிப்போக வேண்டும். அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்தே பார்க்கச் சொல்கிறார்கள்.

படி 1: மதிப்பெண் போடுங்கள்

இதற்கு ஊசி வேண்டாம், தையல் டேப் போதும். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் வெளியிட்ட கணக்கு இது.

வயது: 35க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50உம் அதற்கு மேலும் 30.
இடுப்பு: பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் 0, 80–89 என்றால் 10, 90உம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.
உழைப்பு: உடற்பயிற்சி, கடின வேலை இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.
பெற்றோர்: ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வருகிறவருக்கு வாய்ப்பு அதிகம். முக்கூடல் பக்கம் நாள் முழுக்கச் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றும் 54 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30, இடுப்பு 86 என்பதால் 10, உட்கார்ந்த வேலைக்கு 30, அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் 10. மொத்தம் 80. ‘நான் ஒரு நிமிஷம் சும்மா இருக்கேனா?’ என்று அவர் கேட்பார், நியாயம்தான். ஆனால் ஓடுவது விரல்கள், காலல்ல.

டேப்பைச் சேலைக் கொசுவத்தின் மேல் சுற்றாதீர்கள், நாலைந்து சென்டிமீட்டர் சும்மா ஏறிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும்.

படி 2: எங்கே பார்ப்பது

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். தனியார் லேப் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் ரத்தம் எடுத்து, பாளையங்கோட்டைக்கு அனுப்பிச் சோதிப்பார்களானால், சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் குழாயில் அப்படியே கிடந்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும். உள்ளதைவிடக் குறைந்த எண்தான் கைக்கு வரும்.

படி 3: அந்தக் காலை

பெரும்பாலான தப்பு இங்கேதான் நடக்கிறது. வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். “ஒண்ணும் சாப்பிடலய்யா, ஒரு வாய் காப்பிதான் குடிச்சேன்” என்பது நம் ஊர் வெறும் வயிறு. அது கணக்கில் சேராது. நான் முந்தின ராத்திரியே காப்பித் தூள் டப்பாவை ஒளித்து வைத்தேன், ஆச்சி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இன்னொரு தப்பு, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே சோற்றைக் குறைத்துப் பத்தியம் இருப்பது. எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டுப் போங்கள். காய்ச்சல் அடித்து இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் தள்ளிப் போடுங்கள்.

விரலில் குத்திப் பார்க்கும் மெஷினுக்குக் கை கழுவுவதுதான் பாதிக் காரியம். எங்கள் அத்தைக்கு ஒரு முகாமில் 243 காட்டியது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவரிடம் விசாரித்தால், வரிசையில் நின்றபடி பேரனுக்கு அல்வா ஊட்டியிருக்கிறார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களே என்றார். அந்தப் பிசுக்கு பஞ்சுக்குப் போகுமா? சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இன்னொரு விரலில் பார்த்தோம். 121. குத்தும்போது நுனியில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று போட்டுப் பிழியவும் கூடாது.

படி 4: இரண்டு மணி நேரம்

வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வயதானவர்களில் பலருக்கு அது சரியாக இருக்கும், சாப்பிட்ட பின்தான் ஏறும். முறையான பரிசோதனையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ண வேண்டும். அதுவரை கடைத்தெருவைச் சுற்றி வராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பார்த்த எண் ஒரு துப்புதான், தீர்ப்பு ஆகாது.

படி 5: எண்ணைப் படியுங்கள்

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நல்லது, 100–125 பார்டர், 126 முதல் சர்க்கரை. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே நல்லது, 140–199 பார்டர், 200 முதல் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி என்றால் 5.7க்குக் கீழே நல்லது, 6.5 முதல் சர்க்கரை, நடுவிலே பார்டர். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்தச் சராசரி ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகக்கூடக் காட்டும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை என்று முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு பரிசோதனையிலும் அதே முடிவு வர வேண்டும். மெஷினில் பார்த்தது என்றால் நரம்பில் ரத்தம் எடுத்து லேப்பில் உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் மருந்தோடு கண், பாதம், சிறுநீர் மூன்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

படி 6: அடுத்த தேதி

எல்லாம் நன்றாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் ஒரு முறை, பார்டர் என்றால் வருடா வருடம். ஆச்சிக்கு வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரத்தில் 171. பார்டர். சீனியை விட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறிக்கொள்கிறேன் என்றார். கருப்பட்டியும் சர்க்கரைதான் ஆச்சி என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னபடி சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடக்கிறார். அடுத்த வருடத் தேதியை நான் காலண்டரில் குறித்தேன், அவர் தன் கணக்கில் மாற்றிவிட்டார்: “ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போயிட்டு வந்து பார்த்துக்கிடுவோம். அன்னைக்கும் அந்த டப்பாவ ஒளிச்சு வச்சிராத, என்ன?”